ஷ்ரூட் என்றொரு உத்தியோகம்

விதி தெளிவாகத்தான் இருந்தது. சொந்த நிலத்தில் விளைந்த நெல்லைச் சொந்த வீட்டுச் சாப்பாட்டுக்காக எல்லை தாண்டிக் கொண்டுவருகிறவருக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. நிலம் தன்னுடையது, வீடு தன்னுடையது, சாப்பிடப்போகும் வாய்களும் தன்னுடையவை என்று காட்டினால் போதும். அதே விதிக்குக் கீழே, இது பற்றி வரும் மனுக்களுக்குக் காலதாமதமின்றிப் பதில் தரப்பட வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவள் சொல்கிறேன்: 'காலதாமதமின்றி' என்று எழுதுகிறவர்கள் எத்தனை நாள் என்று எழுதுவதில்லை. எழுதினால் யாராவது எண்ணிப் பார்த்துவிடுவார்கள்.

நெல்லுக்கும் அரிசிக்கும் தடுப்புப் போட்டிருந்த அந்தக் காலம் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அறுபதுகளின் கடைசி. அடுத்த ஊரிலிருந்து ஒரு மூட்டை நெல் வருவது வெளிநாட்டிலிருந்து தங்கம் வருவதுபோல. மற்ற ஊர்களில் அடுத்த ஊர் தூரத்தில் இருந்திருக்கும். பாகூர் கொம்யூனில் எங்கள் ஊருக்கு அது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். இந்தக் கரை புதுச்சேரி, அந்தக் கரை மதராஸ் ராஜ்யம். எங்கள் எருமைகள் தினமும் குளிக்கப் போய் ஒரு மாநிலத்தில் இறங்கி இன்னொரு மாநிலத்தில் ஏறின. அவற்றை யாரும் சீட்டுக் கேட்கவில்லை. வாய்க்கால் பாலத்தின் முனையில் ஒரு மூங்கில் தடுப்பு, ஒரு கீற்றுக் கொட்டகை, அதற்குள் ஒரு செக்போஸ்ட்காரர். மாட்டு வண்டி வந்தால் மட்டும் வெளியே வருவார்.

அந்த வருஷம் எனக்கு எட்டாம் வகுப்பு. எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் கோடை விடுமுறைக்குப் பிரெஞ்சு வாத்தியாராகப் போய், திரும்பும்போது இங்கிலீஷ் வாத்தியாராக வந்தவர். அரசாங்கம் மாறியது, பள்ளிக்கூடம் மாறியது, அவரும் மாறிக்கொண்டார். மிச்சமிருந்தது கறுப்புக் குடையும், 'ர'வைத் தொண்டைக்குள்ளேயே வைத்து உருட்டும் பழக்கமும்தான். புதிதாக அவர் கையில் ஒரு தடித்த அகராதி வந்திருந்தது. பழைய பிரெஞ்சுப் பத்திரிகைத் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தார். பக்கத்தைத் திருப்பினால் பூச்சி மருந்தும் மூக்குப்பொடியும் கலந்த வாசனை வரும்.

பாடம் நடத்துவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் மட்டும் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். ஊரிலிருந்து ஒரு சாட்சி கொண்டுவர வேண்டும். சோம்பேறி என்றால் யார், தாராளம் என்றால் யார். பெயர் சொல்லக்கூடாது, உறவு சொல்லலாம். இப்படி எங்கள் ஊரில் பாதிப் பேர் அவரவருக்கே தெரியாமல் இங்கிலீஷ் சொற்களுக்குப் பொறுப்பில் இருந்தார்கள்.

ஒரு நாள் கரும்பலகையில் 'ஷ்ரூட்' என்று எழுதினார். தமிழில் ஒரே சொல்லாகச் சொல்ல அவருக்கும் வரவில்லை. ஒரு ஓரத்தில் சாமர்த்தியம், மறு ஓரத்தில் தந்திரம் என்று எழுதி நடுவில் ஒரு கோடு போட்டார். நம்ம ஊரு வாய்க்கால் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கரையில் நின்றால் சாமர்த்தியம், அந்தக் கரையில் ஏறினால் தந்திரம், ஷ்ரூட்டானவன் வாய்க்காலுக்குள்ளேயே நடக்கிறவன் என்றார். பொய் சொல்கிறவனுக்கு இந்தச் சொல்லைப் போடக்கூடாது. நிறையப் படித்தவனுக்கும் போடக்கூடாது. அதற்கு வேறு சொற்கள் இருக்கின்றன. மேகத்தைப் பார்க்காமல் எறும்பைப் பார்த்து மழை என்று சொல்கிறவனின் ஊகத்துக்குப் போடலாம். கடைசியில் அவர் சொன்னதை நான் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை, ஆனாலும் மறக்கவில்லை. "மத்தவனுக்கு முன்னால பாத்துடுவான். பாத்தத வெளிய சொல்லமாட்டான். அவன்தான்."

பிறகு அகராதியைத் திறந்து இன்னொரு சமாசாரம் சொன்னார். அந்தச் சொல்லுக்கு மூலம் மூஞ்சூறாம். பழைய காலத்தில் கெட்டவன், பொல்லாதவன் என்று திட்டுவதற்குத்தான் அதைப் பயன்படுத்தினார்களாம். கொஞ்சம் கொஞ்சமாகத் திட்டு தேய்ந்து பாராட்டாகிவிட்டது. துறைத் தேர்வு எதுவும் எழுதாமல் பதவி உயர்வு வாங்கிய ஒரு சொல்லை நான் முதன்முதலில் பார்த்தது அன்றுதான். மனிதர்களை அப்புறம் நிறையப் பார்த்தேன்.

சாட்சிக்கு அவர் விரல் என்னை நோக்கி நீண்டது. பயத்தில் வாயில் வந்த முதல் உறவைச் சொன்னேன். என் மாமா ஷ்ரூட்டான மனிதர்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டோடு இருந்தார். ஏர் பூட்டினால் உட்கார்ந்துகொள்ளும் மாட்டைச் சந்தையில் தேடிப் பிடித்து வாங்கி வந்தவர். எதைக் கேட்டாலும் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிவிட்டு, "பாக்கலாம்" என்பார். ஆதாரம் என்ன என்று வாத்தியார் கேட்டார். மாமா எதற்கும் உடனே பதில் சொல்ல மாட்டார் என்றேன். அது ஷ்ரூட்டாகவும் இருக்கலாம், தூக்கக் கலக்கமாகவும் இருக்கலாம், போகப் போகத் தெரியும் என்று சொல்லிவிட்டு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினார். அந்த நேரம் பார்த்துப் பட்டணத்திலிருந்து பள்ளி ஆய்வாளர் வந்தார். கரும்பலகையைப் படித்தார். தலையை ஆட்டினார். 'குட்' என்றார். போய்விட்டார்.

அன்று சாயங்காலமே தெருவுக்கே தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் செய்தி பரவிவிட்டது. பட்டணத்து ஆபீசர் நேரில் வந்து, எங்கள் மாமாவை ஷ்ரூட்டாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள். பிரெஞ்சுக்காரன் இருந்தவரை ஊருக்குத் தலைவராக ஒரு மேர், பிறப்பு இறப்பு எழுத மேரி ஆபீஸ், பத்திரக் கையெழுத்துக்கு நொத்தேர் என்று எல்லாருக்கும் மனப்பாடமாகியிருந்தது. அவன் போனதும் இங்கிலீஷில் ஒவ்வொரு மாதமும் ஒரு புதுப் பெயர் ஜீப்பில் வந்து இறங்கியது. கமிஷனர், பிடிஓ, எக்ஸ்டென்ஷன் ஆபீசர், சூப்பர்வைசர். யார் எதற்கு என்று விளங்குமுன் அடுத்த பெயர் வந்துவிடும். பயனில்லாமல் அரசாங்கம் ஒரு இங்கிலீஷ் வார்த்தையை ஊருக்குள் அனுப்பாது என்று மக்கள் நம்பினார்கள். ஆகவே ஷ்ரூட்டும் ஒரு உத்தியோகம். சம்பளம் உண்டா என்பதில் மட்டும்தான் கருத்து வேறுபாடு.

முதலில் வந்தவர் புளியமரத் தகராறுக்காரர். பக்கத்துக் கொல்லைக்குள் சாயும் கிளையில் காய்க்கும் புளி யாருக்கு என்று ஷ்ரூட்டிடம் கேட்க வந்திருந்தார். மாமா வெற்றிலையை மாற்றிக்கொண்டு, பாக்கலாம் என்றார். அவர் திருப்தியாகக் கிளம்பிப் போனார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை அலுவலகங்கள் நடக்கின்றன என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மாமா என்னைக் கூப்பிட்டு, அந்த வேலைக்கு என்ன அர்த்தம் என்று விசாரித்தார். வாய்க்கால், எறும்பு, மூஞ்சூறு எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"மூஞ்சூறா?" என்றார். "திட்டுற வார்த்த மேல ஏறி வந்து எம்மேல குந்திக்கினு கீதா. இத வேணான்னு எங்க போயி எழுதிக் குடுக்கறது?"

பெறாத பதவியை ராஜினாமா செய்வதற்கு விதி கிடையாது. அந்த விஷயத்தில் மாமாவின் சந்தேகம் சரியானது.

இரண்டாவதாக வந்தவர் எதிர்வீட்டு அத்தை. உறவில் அத்தை இல்லை; மாதா கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை, கையில் எப்போதும் ஒரு முறம். புருஷன் பட்டணத்து மில்லில் வேலை பார்த்தவர், காய்ச்சலில் போய்விட்டார். மகள் என் வகுப்பு, என் பெஞ்சு. மகன் சின்னவன். அத்தையைப் பற்றி ஊரின் தீர்ப்பு ஒன்றுதான்: பாவம், விவரம் பத்தாதவள். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கமாட்டாள், ஏமாற்றினாலும் தெரியாது. என் அம்மாவே அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

அத்தையின் பிறந்த ஊர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அப்பா விட்டுப்போன ஒரு துண்டு நிலம் அங்கே இருந்தது. அந்த வருஷம் சம்பா நன்றாக விளைந்து, அறுத்து, அடித்து, நெல் அங்கேயே ஒருவருடைய களத்தில் அம்பாரமாகக் கிடந்தது. அதுதான் மூன்று பேருக்கும் அடுத்த அறுவடை வரை சோறு. செக்போஸ்ட்காரர் நிலம் அத்தையுடையது என்று காகிதம் கேட்டார். காகிதம் செத்துப்போன அப்பா பெயரில் இருந்தது. அக்கரை ஆபீசில் கேட்டால், நீ இருப்பது புதுச்சேரி, அங்கே வாங்கி வா என்றார்கள். இக்கரையில் கேட்டால், நிலம் இருப்பது மதராஸ், அங்கே வாங்கி வா என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் நடைமுறைப்படி சரி. அதுதான் அதில் இருந்த கஷ்டம். களத்துக்காரர் உளுந்து அடிக்க இடம் வேண்டும் என்று அவசரப்படுத்தினார். முடியாவிட்டால் தானே நெல்லை எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். விலையை மட்டும் அப்புறம் பேசிக்கொள்ளலாமாம்.

அத்தை எங்கள் வாசற்படிக்குக் கீழேயே நின்று இதைச் சொல்லி முடித்தார். மாமா பாக்கலாம் என்றார். எல்லோரையும்போல அத்தையும் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கிளம்பவில்லை.

"எப்பப் பாக்கலாம் தம்பி?" என்றார்.

அந்தக் கேள்வியை மாமாவிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வாத்தியாரின் மேசையில் மனு தயாரானது. மாமா சொல்ல, வாத்தியார் இங்கிலீஷில் எழுதினார். மாமாவுக்குப் பாதியில் வார்த்தை நின்றுபோகும். அத்தை முறத்தைப் பார்த்தபடி அடுத்த வார்த்தையை மெதுவாகச் சொல்வார். நானும் அத்தையின் மகளும் மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஊர்க்காரர் என்ற முறையில் மாமா கையெழுத்துப் போட்டதும் அத்தை, பெயருக்குக் கீழே உத்தியோகத்தையும் போடச் சொன்னார்.

வாத்தியார் பேனாவை மூடிவிட்டார். "அது உத்தியோகம் இல்லம்மா. கொணம்."

"கொணத்தப் போடக்கூடாதுன்னு சட்டம் எதுனா கீதா சார்?"

வாத்தியார் அகராதியைப் புரட்டிப் பார்த்தார். நானும் பிற்காலத்தில் இதைத் தேடிப் பார்த்தேன். வகிக்காத பதவியைப் போடக்கூடாது என்று இருக்கிறது. தன் குணத்தைக் கையெழுத்துக்குக் கீழே குறிப்பிடக்கூடாது என்று எங்கும் இல்லை. எவரும் அதற்குத் துணிவார்கள் என்று விதி எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை. வாத்தியார் பேனாவைத் திறந்து, மாமாவின் பெயருக்குக் கீழே அழகான சாய்வெழுத்தில் 'ஷ்ரூட்' என்று எழுதினார். தை மாதக் கடைசியில் மனு அக்கரைத் தாலுகா ஆபீசுக்குப் போனது.

பதில் வரவில்லை. களத்துக்காரர் ஆளனுப்பினார். அத்தை மறுபடி வாசலில் வந்து நின்றார். நான் உள்ளே படித்துக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"தம்பி, நெல்லு வரக்கூடாதுன்னான். அரிசி வரக்கூடாதுன்னான். அவலப் பத்தி இன்னா சொன்னான்?"

"அவலப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

"நான் கேட்டா தொரத்துவான். நீங்க கேட்டா பதில் சொல்லுவான்."

மாமா வேட்டியை மாற்றிக்கொண்டு சைக்கிளில் போனார். அங்கே நடந்ததை அவரே வந்து சொன்னார். நீங்க யாரு என்று செக்போஸ்ட்காரர் கேட்டிருக்கிறார். மாமா வெற்றிலையை மாற்றிக்கொண்டு, ஷ்ரூட்டு என்றிருக்கிறார். செக்போஸ்ட்காரர் எழுந்து நின்றுவிட்டார். கொட்டகையில் தொங்கிய, தடை செய்த சாமான்களின் பட்டியல் அட்டையை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல அவல் இல்லீங்களே" என்று வருத்தத்தோடு சொன்னாராம், அது தன் தவறு என்பதுபோல. அந்த ஓட்டையை அடைத்துப் பின்னால் எப்போதோ ஒரு சுற்றறிக்கை வந்திருக்கும். வராமல் இருந்திருந்தால் ஆச்சரியம்.

கேள்வி கேட்டவர் அத்தை. பதிலைக் கொண்டுவந்தவர் மாமா. பதில் வந்த வழியைத்தான் ஊர் நினைவில் வைத்துக்கொண்டது.

அதன்பிறகு எங்கள் தெருவே வாய்க்காலைத் தாண்டியது. களத்தில் கல் அடுப்புகள் மூட்டி, ஊறிய நெல்லை மண் சட்டிகளில் வறுத்தார்கள். உமி பொரியும் சத்தமும், லேசாகத் தீய்ந்த இனிப்பு வாசனையும் இக்கரை வரை வந்தன. சூடு ஆறுவதற்குள் இடிக்க வேண்டும். ஆறினால் தட்டையாகாது, நொறுங்கிப்போகும். ஒரு உரலுக்கு இரண்டு பெண்கள், இரண்டு உலக்கைகள், ஒன்று ஏறும்போது ஒன்று இறங்கும். நடுவில் கையை விட்டுக் கிளறிவிடுவது அத்தை. உலக்கை அவர் கையைத் தொட்டதே இல்லை. எனக்கும் அவர் மகளுக்கும் புடைத்த உமியை வாரும் வேலை. தலைமுடியில் உமி, காதுக்குள் உமி. உழைப்புக்கு ஈடாகச் சூட்டோடு ஒரு பிடி அவலும் வெல்லமும் கிடைக்கும். அந்த முறம், பித்தளைப் பூண் போட்ட அந்த உலக்கைகள், அந்த மண் சட்டிகள் எல்லாம் எங்கே போயின என்று கேட்டால் இன்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியாத கோப்புகளில் அதுவும் ஒன்று.

வண்டி பாலத்தில் வந்தபோது செக்போஸ்ட்காரர் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தார். கொஞ்சம் வாயிலும் போட்டுப் பார்த்தார். அவல்தான். மூங்கில் ஏறியது.

ஆனால் மூன்று பேர் வருஷம் முழுக்க அவல் தின்ன முடியுமா? அதற்கும் ஷ்ரூட் ஏற்பாடு செய்தார். பைப்படியில் நின்று, வீட்டுக்கு ஒரு மரக்கால் அவல், பதிலுக்கு ஒரு மரக்கால் அரிசி என்று அறிவித்தார். அறிவித்தபோது இரண்டு முறை தடுமாறி, குடத்தோடு நின்ற அத்தை பக்கம் பார்த்தார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டோம். அத்தை தானே வீடு வீடாகப் போய்க் கேட்டிருந்தால் ஊர் அதை யாசகம் என்றிருக்கும். உத்தியோகஸ்தர் சொன்னதால் அது திட்டம். எந்த வீடும் மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் அளந்து கொட்டும்போதுதான் அம்மா நின்றாள். அவல் உப்பலாக நின்றது. அரிசி அதே மரக்காலில் அடங்கிக் கனமாக இறங்கியது. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கதவருகே பையைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தையின் மகளைப் பார்த்தாள். மரக்காலின் மேல் இன்னும் ஒரு கை அரிசியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வருஷம் எங்கள் தெருவில் காலையில் அவல், சாயங்காலம் அவல், விருந்தாளிக்கு அவல் பாயசம். எனக்கு இன்றும் அவல் இறங்குவதில்லை. மாமாவின் மதிப்போ எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவரை முன்னால் உட்கார வைத்தார்கள். அத்தையைப் பார்த்து ஊர், நல்லவேளை உனக்கு இப்படி ஒரு ஆள் கிடைத்தார் என்றது. அத்தை தலையை ஆட்டினார். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

போன வருஷம் ஒரு கல்யாணத்தில் அந்த மகளைப் பார்த்தேன். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறாள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தோம். வதந்தி எங்கிருந்து கிளம்பியது, யாருக்கு யார் சொன்னார் என்று பின்னோக்கி விசாரிப்பது என் உத்தியோகப் பழக்கம். அது ஓய்வு பெறவில்லை. ஷ்ரூட் ஒரு வேலை என்று ஊரில் முதலில் சொன்னது யாராக இருக்கும் என்று கேட்டேன். அவள் இலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அன்னிக்கி ஸ்கூல்லேர்ந்து வந்ததும் அம்மா என்ன ஒக்கார வெச்சி அந்த வார்த்தைக்கி அர்த்தம் கேட்டுச்சுடி. ரெண்டு தடவ கேட்டுச்சு. அப்பறம் கொடத்த எடுத்துக்கினு பைப்படிக்குப் போச்சு."

அவள் பாயசத்தை என் பக்கம் தள்ளினாள். அவல் பாயசம். அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் அந்த வாக்கியத்தின் சாட்சியை நான் தவறாகவே கொடுத்திருந்தேன் என்று ஐம்பது வருஷம் கழித்து அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் ஒருவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது. அதற்கு ஆதாரமும் என் கண் முன்னாலேயே நடந்தது. அப்போது எனக்குப் புரியவில்லை. அக்கரை ஆபீசின் பதில் கடைசியாக வந்த நாள் அது. பழுப்பு உறை, சிவப்பு முத்திரை, தட்டச்சில் முகவரி: தி ஷ்ரூட், பாகூர் கொம்யூன். பெயரே இல்லை. உள்ளே, சொந்த உபயோகத்துக்கான நெல்லுக்கு அனுமதி தேவையில்லை, தாராளமாகக் கொண்டுபோகலாம் என்று எழுதியிருந்தது என்பது பிற்பாடு தெரியவந்தது. அந்த நெல் எங்கள் தெருவின் வயிற்றில் ஜீரணமாகிப் பல மாதம் ஆகியிருந்தது.

தபால்காரர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, உறையை மாமாவிடம் நீட்டினார். மாமா வாங்கவில்லை. உறையைத் தூரத்திலேயே வைத்து முகவரியைப் படிக்கச் சொன்னார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"இது எனுக்கு இல்லபா," என்றார். "அவங்க எதிர்வூட்ல இருக்காங்க."

எதிர்வீட்டு வாசலில் அத்தை அடுத்த போகத்துக்கு விதைநெல்லை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து, ஒன்றும் கேட்காமல் உறையை வாங்கிக்கொண்டார். அன்று ஆடி பதினெட்டு.